வீட்டில் செய்த பாசி வடிகட்டி: மட்டக்களப்புக் கல்லடி, 4 அடி உப்புத்தண்ணி மீன்தொட்டி

கல்லடி_உப்பன் | 2024 மே 14

வணக்கம். சித்திரை வருசத்துக்கு முன்னால் இங்கே வந்து "என் தொட்டி முழுக்கத் தலைமயிர்ப் பாசி" என்று அழுதவன் நான்தான். அன்று மூன்று பேர் ஸ்கிம்மர் (கழிவை நுரையாக எடுக்கும் கருவி) வாங்கச் சொன்னீர்கள். விலை விசாரித்தேன். என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. ஆகவே வேறு வழிக்குப் போனேன்.

தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கல்லும் மணலும் போகத் தண்ணீர் 220 லீற்றர் இருக்கும். மீன்கள் ஏழு. தீன் போடுவது என் சின்ன மகள், அவளுக்குக் கை தாராளம். கழிவிலிருந்து வந்து பாசியை வளர்க்கும் சத்துகளான நைத்திரேற்று லீற்றருக்கு 80 மில்லிகிராம், பொசுபேற்று 1. கடல் வீட்டிலிருந்து 400 மீற்றரில் இருந்தும் வாரா வாரம் தண்ணீர் மாற்றிக் கட்டுப்படியாகவில்லை.

யோசனை சின்னதுதான். பாசி எப்படியும் வளரத்தான் போகிறது. அதற்குத் தொட்டிக்குள் கிடைப்பதைவிட நல்ல இடமாக, நல்ல வெளிச்சமும் ஓடும் தண்ணீரும் உள்ள இடமாக வெளியே ஒன்றைக் கொடுத்துவிட்டால், தண்ணீரில் உள்ள சத்தை அங்கேயே தின்று அங்கேயே வளரும். வாரம் ஒருமுறை சுரண்டி எடுத்தால் அந்தச் சத்து வீட்டை விட்டே போகிறது.

செய்தது இப்படி. முக்கால் அங்குல பிவிசி பைப்பின் அடிப்பக்கத்தில் 6 அங்குல நீளத்துக்கு ஒரு கீறல். கீறலின் அகலம் 3 மில்லிமீற்றர். இதற்கென்று மெஷின் எதுவும் என்னிடம் இல்லை. இரண்டு ஹேக்சோ பிளேடுகளைச் சேர்த்து டேப் சுற்றி அறுத்தேன், அப்புறம் அரத்தால் ராவினேன். அந்தக் கீறலுக்குள் 6 அங்குலச் சதுரப் பிளாஸ்டிக் வலை ஒன்று தொங்குகிறது. கீழே ஒரு பிளாஸ்டிக் பெட்டி, பெட்டியில் ஒன்றரை அங்குல வடிகால், அது மீன்தொட்டிக்குக் கீழே மோட்டர் இருக்கும் கீழ்த்தொட்டிக்குப் போகிறது. இரண்டு பக்கமும் 660 நானோமீற்றர் சிவப்பு எல்ஈடி, பக்கத்துக்கு 10 வாட்ஸ்.

மோட்டர் வந்த பெட்டியில் மணிக்கு 1500 லீற்றர் என்று போட்டிருந்தது. மேலே ஏற்றியதும் வாளி வைத்து அளந்தேன், 10 லீற்றர் நிறைய 45 செக்கன். அதாவது மணிக்கு 800. வலையின் ஒரு அங்குல அகலத்துக்கு மணிக்கு 130 லீற்றர் வேண்டும் என்பது இதைச் செய்கிறவர்களின் கணக்கு. 6 அங்குலத்துக்குச் சரியாக வந்துவிட்டது.

ஆனால் 12 நாளாகியும் வலையில் பாசி பிடிக்கவில்லை. மண்ணிறச் சளி மாதிரி ஒன்று வருகிறது, தொட்டால் கழுவுப்பட்டுப் போகிறது. எங்கே பிழை?

---

மருதமுனைத்_தறி | 2024 மே 14

தம்பி, வலையைத் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக இருக்கிறதா? பிழை அங்கேதான். நூலிலும் அதே கதைதான். நைலோன் பளபளப்பு, சிக்குப் பிடிக்காது. பருத்தியில் மயிர் இருக்கிறது, எல்லாம் பிடிக்கும். பாசிக்கும் வேர் என்று ஒன்று கிடையாது, பற்றிக்கொள்ளும் நுனிதான் இருக்கிறது. அது பிடிக்க ஒரு பிசிறு வேண்டும்.

பை பின்னுகிற பிளாஸ்டிக் கட்ட வலை தையல் சாமான் கடைகளில் கிடைக்கும், அங்குலத்துக்கு 7 ஓட்டை உள்ளதை எடுங்கள். அதைப் பலகையில் வைத்து, மரம் துளைக்கும் வட்ட ரம்பத்தின் பல்லால் இரண்டு பக்கமும் நன்றாகக் கீறுங்கள். ஹேக்சோ பிளேடும் போதும். "இனிக் கிழிந்துவிடும்" என்று பயம் வரும் வரைக்கும் கீற வேண்டும். கள்ளிச்செடி மாதிரிக் கை குத்த வேண்டும். நான் முதலில் சும்மா இரண்டு தேய்ப்புத் தேய்த்துவிட்டு ஒரு மாதம் வீணாக்கினேன்.

கம்பி வலை மட்டும் வேண்டாம். எந்த உலோகமும் வேண்டாம். பித்தளை நட்டுக்கூட.

---

பழைய_ஸ்கிம்மர் | 2024 மே 15

மன்னிக்க வேண்டும், எல்லோரும் கைதட்டுகிற இடத்தில் நான் ஒரு கல் போடுகிறேன். 14 வருசமாக உப்புத்தண்ணி வைத்திருக்கிறேன். பாசி வடிகட்டி வைத்த தொட்டிகளில் தண்ணீர் மஞ்சளாகப் போனதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஸ்கிம்மர் மீனின் கழிவை அது அழுகுவதற்கு முன்பே நுரையாக வெளியே எடுக்கிறது. உங்கள் பாசி, கழிவு அழுகி முடிந்து நைத்திரேற்று ஆகும் வரை பார்த்துக்கொண்டிருக்கிறது. வருமுன் காப்பதா, வந்தபின் துடைப்பதா?

---

செங்கலடி_ரீச்சர் | 2024 மே 15

பழைய ஸ்கிம்மர் அண்ணன் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு ஒரு திருத்தம்.

பாசி நைத்திரேற்று வரும் வரை காத்திருப்பதில்லை. மீன் செவுள் வழியே விடுவது அமோனியா. அமோனியமும் நைத்திரேற்றும் சேர்ந்து கிடைக்கும்போது பெரும்பாலான பாசிகள் அமோனியத்தையே முதலில் எடுக்கும். நைத்திரேற்றைக் கலத்துக்குள் கொண்டுபோன பிறகு அதை மறுபடி அமோனியமாக மாற்றச் சக்தி செலவாகும், அமோனியத்துக்கு அந்தச் செலவில்லை. ஆகவே நல்ல வலை ஒன்று இருந்தால் கொஞ்சம் கழிவு நைத்திரேற்று ஆகாமலே பாசியாகிவிடும்.

ஸ்கிம்மர் எடுப்பது நுரையில் ஒட்டக்கூடிய சேதனப் பொருட்களை. கரைந்துவிட்ட நைத்திரேற்றும் பொசுபேற்றும் நுரையில் ஒட்டாது. உப்பன் தம்பியிடம் இப்போது இருப்பது 80 நைத்திரேற்று. அதை எந்த ஸ்கிம்மரும் இறக்காது, இனி வருவதைத்தான் குறைக்கும்.

இதன் கதையையும் சொல்லிவிடுகிறேன். இது வீட்டுக் குப்பையில் பிறந்த யோசனை இல்லை. வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் வால்டர் ஏடி என்ற பாசியியல் விஞ்ஞானி பவளப்பாறையை ஆராய்ந்தபோது, பாறையின்மேல் குட்டையான புல்தரை மாதிரிப் பாசி படர்ந்திருப்பதையும், மீன்கள் ஓயாமல் மேய்ந்தும் அது திரும்பத் திரும்ப வளர்வதையும் கவனித்தார். அலை அடித்து அடித்துப் போகும் இடத்தில் அந்த வளர்ச்சி இன்னும் வேகம். அதை ஒரு தட்டில் வளர்த்து, சாய்ந்து கொட்டும் வாளியால் அலை கொடுத்து, மீனின் வேலையைச் சுரண்டியால் செய்தார். 1982இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். வாளிக்குப் பதில் வலையைத் தொங்கவிட்டு அருவி மாதிரித் தண்ணீர் விடுவது பின்னால் வீட்டில் மீன் வளர்க்கிறவர்கள் கொண்டுவந்த மாற்றம்.

மஞ்சள் நிறம் உண்மைதான். வலையைத் தொட்டிக்கு மேலேயே வைத்துக் கிழித்துச் சுரண்டினால் பாசிச் சாறு தண்ணீருக்குள் போகும். வெளியே எடுத்துச் சுரண்டுங்கள். நிறத்தை உறிஞ்சும் வடிகட்டிக் கரியும் கொஞ்சம் போட்டு வைத்தால் பார்வைக்குத் தெரியாது.

---

பழைய_ஸ்கிம்மர் | 2024 மே 15

அந்த 80ஐப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன் ரீச்சர். மற்றதை ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம்.

---

பொத்துவில்_நண்டு | 2024 மே 17

புதியவன். ஒரு சந்தேகம். என் தொட்டி 2 அடிதான். வலை எவ்வளவு பெரிசு வேண்டும்? தொட்டியின் லீற்றரை வைத்தா கணக்கு?

---

கல்லடி_உப்பன் | 2024 மே 17

முந்தி லீற்றரை வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள். அது அர்த்தமில்லாத கணக்கு என்று பிறகு தெரிந்தது. ஆயிரம் லீற்றர் தொட்டியில் ஒரே ஒரு மீன் இருந்தால் பாசிக்கு என்ன சாப்பாடு? உள்ளே போகிற தீன்தான் வெளியே பாசியாக வருகிறது. உறைய வைத்த தீன்கட்டி ஒன்று நாளொன்றுக்குப் போட்டால், இரண்டு பக்கமும் வெளிச்சம் படும் வலையில் 12 சதுர அங்குலம் வேண்டும். கட்டி ஒன்று மூன்று, நான்கு கிராம் வரும். நான் போடுவது சந்தையில் வாங்கிய இறாலை அரிந்து. நிறுத்துப் பார்த்தேன், மூன்று கட்டிக்குச் சமம். ஆகவே 36 சதுர அங்குலம், 6க்கு 6.

உங்களுக்கு நாளுக்கு ஒரு கட்டி என்றால் 3 அங்குல அகலம், 4 அங்குல உயரம். உள்ளங்கை அளவுதான். பெரிசாகச் செய்தால் நல்லதென்று நினைக்க வேண்டாம். சாப்பாடு போதாத பெரிய வலையில் பாசி ஒழுங்காக வளராது.

தறி காக்கா (அண்ணன்) சொன்னபடி வலையைக் கீறிவிட்டேன். இரண்டு விரலில் இரத்தம். திரும்பத் தொங்கவிட்டாயிற்று.

---

கல்லடி_உப்பன் | 2024 யூன் 9

பச்சை வந்துவிட்டது!

முதல் வாரம் மண்ணிறச் சளி. அதைக் கையால் வழித்துவிட்டேன், சுரண்டவில்லை. இரண்டாம் வாரம் கருமை கலந்த ஒட்டல். இந்த வாரம் வலையின் இடது மூலையிலிருந்து பச்சை மயிர். இன்று முதல் அறுவடை. பிழிந்து நிறுத்தபோது 140 கிராம். நைத்திரேற்று இன்னும் 60இல் நிற்கிறது, ஆனால் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்து நான்கு நாளாகியும் தெளிவாக இருக்கிறது. முன்பு ஒரு நாள் தாங்காது.

வெளிச்சத்தை இரவில் எரிய விடுகிறேன், தொட்டியின் லைட் அணைந்த பிறகு. ஒளித்தொகுப்பு நடந்தால் காபனீரொட்சைட்டு குறையும், இரவில் பிஎச் விழுவது மட்டுப்படும் என்று ரீச்சர் தனிமடலில் சொன்னார். காலையில் 7.8 ஆக இருந்தது இப்போது 8.1. அறையே சிவப்பாக இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மம்மா, இந்த வீட்டில் இரவிரவாக என்ன பூசை நடக்கிறது என்று மனைவியிடம் கேட்டிருக்கிறார்.

---

பொத்துவில்_நண்டு | 2024 யூன் 22

அண்ணன், எனக்குப் பச்சை வரவில்லை. மஞ்சளாக, ரப்பர் மாதிரி ஒன்று அப்பிக்கிடக்கிறது. நகத்தால்தான் எடுக்க முடிகிறது. வலை 8க்கு 8 செய்தேன் (நீங்கள் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும்). லைட் 18 மணி நேரம்.

---

மருதமுனைத்_தறி | 2024 யூன் 22

நீங்கள் பசித்த மாட்டை வெயிலில் கட்டியிருக்கிறீர்கள் மகன். வெளிச்சம் நிறைய, சாப்பாடு இல்லை. மஞ்சள் ரப்பர் என்றால் அதுதான் காரணம். வலையைப் பாதியாக வெட்டுங்கள். லைட்டை 9 மணி நேரத்துக்கு இறக்குங்கள், பச்சை பிடித்த பிறகு மெதுவாகக் கூட்டலாம். அப்புறம் பைப்பின் கீறலைப் பாருங்கள். கீறலுக்குள்ளேயே பாசி முளைத்துத் தண்ணீரை அடைக்கும். ஓரிடத்தில் வலை காய்ந்து கோடு தெரிந்தால் அங்கே அடைப்பு. பைப்பின்மேல் கறுப்பு டேப் சுற்றினால் உள்ளே வெளிச்சம் போகாது, முளைப்பது குறையும்.

---

வாழைச்சேனை_வெள்ளை | 2024 யூன் 25

இவ்வளவு பாடு எதற்கு? காயாங்கேணிப் பக்கம் போனால் உயிருள்ள கல் (பற்றீரியா குடியிருக்கும் பவளக்கல்) கிடக்கிறது. இரண்டு சாக்குப் போட்டால் தொட்டி தானாகச் சுத்தமாகும். ஆள் இருக்கிறது எனக்கு.

---

வாகரைத்_தோணி | 2024 யூன் 25

அந்த ஆள் யாரென்று எனக்குத் தெரிய வேண்டாம், ஆனால் இதை இங்கே எழுதாதீர்கள். காயாங்கேணி 2019இல் கடல் சரணாலயமாக்கப்பட்ட இடம். அது இல்லாவிட்டாலும் இலங்கைக் கடலில் எங்கேயும் கல்பவளத்தை உடைப்பது வனசீவராசிகள் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள். நான் அந்தக் கடலில் 30 வருசம் தொழில் செய்கிறேன். கல் இருக்கும் இடத்தில்தான் மீன் இருக்கும். நீங்கள் சாக்கில் அள்ளுவது என் பிள்ளைகளின் சோறு.

தொட்டிக்குக் கல் வேண்டுமென்றால் காய்ந்த பழைய சீமெந்துத் துண்டைக் கிழமைக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீர் மாற்றி மாற்றி, காரம் போன பிறகு வையுங்கள். இரண்டு மாதத்தில் பற்றீரியா குடியேறிவிடும். கல்லின் வேலையை அது செய்யும்.

---

வாழைச்சேனை_வெள்ளை | 2024 யூன் 26

சரி அண்ணன். விளங்காமல் எழுதிவிட்டேன்.

---

கல்லடி_உப்பன் | 2024 ஓகஸ்ட் 9

இனி என் வெட்கக்கேட்டைச் சொல்கிறேன்.

யூலை நடுவில் நைத்திரேற்று 10க்கு வந்துவிட்டது. தொட்டிக்குள் தலைமயிர்ப் பாசி வெளுத்து, தானாகவே கழன்று விழுந்தது. எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. மாமாங்கக் கோயில் திருவிழாவுக்குக் கொழும்பிலிருந்து அக்கா குடும்பம், மூதூரிலிருந்து மாமா குடும்பம், வீடு நிறைய ஆட்கள். வாராந்த அறுவடையை ஒரு வாரம் தள்ளினேன். மறுகா ஒரு வாரம். ஆடி அமாவாசைத் தீர்த்தத்தோடு மூன்று வாரமாகிவிட்டது.

மூன்று வாரப் பாசி எப்படி இருக்கும் தெரியுமா? மேலே பச்சைப் பஞ்சுபோல அழகாக, கையளவு தடிப்பு. அடியில் வெளிச்சமும் தண்ணீரும் போகாமல் செத்து வெளுத்துப்போயிருக்கும். பிடி விட்டுவிடும். தீர்த்தம் முடிந்து எல்லோரும் களைத்துத் தூங்கிய இரவு, அந்தப் பஞ்சு மொத்தமாகக் கழன்று பெட்டிக்குள் விழுந்து வடிகால் ஓட்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. மோட்டர் விடாமல் ஏற்றுகிறது, பெட்டியால் இறங்க வழி இல்லை. கீழ்த்தொட்டியில் இருந்த 40 லீற்றரும் ஹோலில் பாய் விரித்துப் படுத்திருந்தவர்களுக்குக் கீழே.

மாமா எழும்பி "வாவி பெருகிட்டுதாடா" என்று கத்தினார். அவருக்கு 2004 சுனாமி ஞாபகம். அதற்காகத்தான் எனக்கு மிகவும் மனவருத்தம்.

மீன் ஒன்றும் சாகவில்லை, ஏனென்றால் தொட்டியின் தண்ணீர் வழிதட்டு (தண்ணீர் கீழ்த்தொட்டிக்கு வழியும் விளிம்பு) மட்டத்துக்குக் கீழே இறங்காது. ஆனால் அடுத்த இரண்டு நாளில் நைத்திரேற்று 30க்கு ஏறியது. செத்த பாசி தின்ற சத்தையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டது. பாசி வளர்வதால் தண்ணீர் சுத்தமாவதில்லை, அதை நாம் எடுத்து வெளியே போடுவதால்தான் ஆகிறது. தெரிந்ததுதான். ஆனாலும் நிலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது.

இப்போது செய்த மாற்றங்கள்: வடிகாலுக்குமேல் கவிழ்த்த பூக்கூடை ஒன்று, பாசி விழுந்தாலும் ஓட்டை அடைபடாது. அதற்கும் மேலே, பெட்டியின் விளிம்பிலிருந்து 2 அங்குலம் கீழே, இரண்டாவது வடிகால். வயர்களை எல்லாம் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே ஏற்றினேன், வயர் வழியே ஓடும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். அன்று மின்கசிவு வந்தால் கரண்ட்டை வெட்டும் ட்ரிப் சுவிட்ச் இருந்தபடியால் இதை எழுதுகிறேன். அது இல்லாத வீட்டில் உப்புத்தண்ணித் தொட்டியே வைக்காதீர்கள்.

---

பழைய_ஸ்கிம்மர் | 2024 ஓகஸ்ட் 9

நான் சிரிக்கவில்லை என்று எழுதத்தான் வந்தேன். என் ஸ்கிம்மர் கோப்பையும் ஒரு தீபாவளி இரவில் வழிந்திருக்கிறது. அந்த நாற்றத்துக்கு உங்கள் வெள்ளம் பன்னீர்.

---

செங்கலடி_ரீச்சர் | 2024 ஓகஸ்ட் 10

அறுவடை முறையைச் சரியாக எழுதுங்கள் தம்பி, புதியவர்கள் வாசிக்கிறார்கள்.

---

கல்லடி_உப்பன் | 2024 ஓகஸ்ட் 10

ஞாயிறு காலை. மோட்டரை நிறுத்தி, வலையைப் பைப்போடு கழற்றிக் குழாயடிக்குக் கொண்டுபோவேன். நல்ல தண்ணீரில் கழுவுவது வேண்டுமென்றேதான். பாசிக்குள் குடியிருந்து அதையே தின்னும் நுண்ணிய பூச்சிகள் உப்பில்லாத் தண்ணீரில் செத்துவிடும். பழைய டெலிபோன் காட் ஒன்றால் மேலிருந்து கீழாக வழிப்பேன். முழுக்க மொட்டையடிக்க மாட்டேன், புல் வெட்டிய மாதிரி ஒரு அடிப்படை நிற்க வேண்டும், அதிலிருந்துதான் அடுத்த வாரம் முளைக்கும். கீறலைப் பழைய பல்துலக்கியால் ஒரு இழு. மொத்தம் 15 நிமிடம்.

எடுத்த பாசியில் ஒரு பிடி பாசி மேயும் எங்கள் சேர்ஜன் மீனுக்கு. மீதியை இரண்டு தரம் அலசி உப்புப் போக்கி முருங்கை அடியில் போடுகிறேன். முருங்கை என்ன நினைக்கிறதோ, காய்க்கிறது.

---

பொத்துவில்_நண்டு | 2024 ஓகஸ்ட் 21

வலையை வெட்டினேன், லைட்டைக் குறைத்தேன், மஞ்சள் போய்விட்டது. இப்போது வேறு பிரச்சினை. கச்சான் அடிக்கிற அடியில் தொட்டித் தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு விரல் இறங்குகிறது. அருவி விழுவதால் இன்னும் கூட. (கடலை இல்லை, காற்று. இந்தியாவில் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.) கிணற்றுத் தண்ணீர் ஊற்றலாமா?

---

செங்கலடி_ரீச்சர் | 2024 ஓகஸ்ட் 21

இறங்குவது நல்ல தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். ஆகவே நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், கடல் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஆனால் எந்த நல்ல தண்ணீர் என்பதுதான் கேள்வி. நம் கரையோரம் மணல் நிலம். தோட்டத்துக்குப் போட்ட யூரியா மணல் வழியே நேரே கிணற்றுக்குப் போகிறது. நைத்திரேற்று உள்ள கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பாசி வடிகட்டியால் நைத்திரேற்று எடுப்பது, ஓட்டை வாளியில் இறைக்கிற கதை. முதலில் கிணற்றைச் சோதியுங்கள்.

மழைத் தண்ணீர் நல்லது. முதல் மழை கூரையைக் கழுவட்டும், அதற்குப் பிறகு பிடியுங்கள். ஓட்டுக் கூரையில் பிடியுங்கள், தகரத்தில் வேண்டாம். தகரத்தின் பூச்சு நாகம் (துத்தநாகம்), அது இறாலுக்கும் நண்டுக்கும் நஞ்சு. உங்கள் பெயருக்காவது இதைக் கவனியுங்கள்.

ஆவியாவதில் ஒரு இலாபமும் இருக்கிறது. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டைக் கொண்டுபோகும். ஆவணி வெயிலில் ஒரு பாகை குறைந்தாலும் பெரிய விசயம்.

---

வாகரைத்_தோணி | 2024 ஒக்டோபர் 30

மழை தொடங்கப் போகிறது. கடல் தண்ணீர் எடுக்கிறவர்கள் இப்போதே பரல் நிரப்பி வையுங்கள். வாடை தொடங்கி முகத்துவாரம் வெட்டுப்பட்டால் வாவித் தண்ணீர் கடலுக்குள் இறங்கும், கரையோரம் தேத்தண்ணி நிறமாகும், உப்பும் குறையும். வயலில் அடித்த மருந்தெல்லாம் அதோடுதான் வரும். அந்த நாட்களில் கல்லடிக் கரையில் வாளி போடாதீர்கள். எடுக்கத்தான் வேண்டுமென்றால் தோணியில் போய் நீலத் தண்ணீரில் எடுங்கள். எடுத்ததை மூடி வைத்துத் தெளியவிட்டு, உப்பு ஆயிரத்துக்கு 35 இருக்கிறதா என்று அளந்து, துணியில் வடித்து ஊற்றுங்கள்.

---

கல்லடி_உப்பன் | 2024 திசெம்பர் 4

நவம்பர் கடைசி வெள்ளத்தில் எல்லோரும் சுகமா? எங்கள் பக்கம் தண்ணீர் வாசல்படியோடு நின்றது. தொட்டிக்குத் தண்ணீரால் பிரச்சினை வரவில்லை, கரண்ட்டால்தான் வந்தது.

2022இல் மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வெட்டியபோது இந்தத் தொட்டி என்னிடம் இல்லை. அப்போது வைத்திருந்த ஆட்கள் பட்ட பாட்டை இங்கே வாசித்திருக்கிறேன். மோட்டர் நின்றால் வலை காய ஆரம்பிக்கும். கச்சான் காலம் என்றால் சில மணி நேரத்திலேயே பாசி செத்துவிடும், மழைக்குளிரில் கொஞ்சம் தாங்கும். நான் வலையைக் கழற்றிக் கீழ்த்தொட்டித் தண்ணீருக்குள்ளேயே படுக்க வைத்தேன். பற்றரியில் ஓடும் சின்னக் காற்று மோட்டர் ஒன்றை மீன்களுக்குப் போட்டேன். கரண்ட் வந்ததும் வலையைத் தொங்கவிட்டேன். பாதி வெளுத்திருந்தது, அதை வழித்தெடுத்தேன், மீதி பிழைத்தது. இன்று பச்சை.

மோட்டர் நிற்கும்போது பைப்பில் நிற்கும் தண்ணீரும் தொட்டியின் மேல்மட்டத் தண்ணீரும் கீழே இறங்கும். கீழ்த்தொட்டியில் அதற்கு இடம் விட்டு வையுங்கள். ஒருமுறை வேண்டுமென்றே பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், பகலில், வீட்டில் விருந்தாளிகள் இல்லாத நேரத்தில்.

அண்ணன், ஆறு மாதக் கணக்குக் கேட்டீர்கள். நைத்திரேற்று 5. பொசுபேற்று 0.1, அதற்குக் கீழே அசைய மறுக்கிறது.

---

செங்கலடி_ரீச்சர் | 2024 திசெம்பர் 4

கடற்பாசி ஒரு பங்கு பொசுபரசுக்கு ஏறத்தாழ முப்பது பங்கு நைதரசன் எடுக்கும். நைதரசன் முடியப் போனால் பொசுபரசு மிஞ்சும். 5க்குக் கீழே துரத்தாதீர்கள், நைத்திரேற்று பூச்சியத்துக்குப் போனால் வலையே மஞ்சளாகும். தண்ணீர் மாற்றுவதை மட்டும் விட்டுவிட வேண்டாம். பாசி இரும்பையும் சேர்த்துத்தான் தின்கிறது, அது புதுக் கடல் தண்ணீரில்தான் திரும்பி வரும்.

---

பழைய_ஸ்கிம்மர் | 2024 திசெம்பர் 5

80இலிருந்து 5. பார்த்தேன். ஸ்கிம்மரைக் கழற்ற மாட்டேன், மீன் கூட்டம் கூடிய என் தொட்டிக்கு அது வேண்டும், ஒட்சிசனுக்காவது வேண்டும். ஆனால் பக்கத்தில் ஒரு 4 அங்குல வலை போட இடம் இருக்கிறது. கீறியும் வைத்துவிட்டேன். தறி காக்காவுக்கு என் கட்டை விரலின் சலாம்.

தம்பி, உங்கள் வலையிலிருந்து ஒரு துண்டுப் பாசி கிடைக்குமா? தேய்த்துவிட்டால் சீக்கிரம் பிடிக்கும் என்கிறார்கள்.

---

கல்லடி_உப்பன் | 2024 திசெம்பர் 5

ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பழைய பாலத்தடிக்கு வாருங்கள் அண்ணன். ஐஸ்கிறீம் டப்பா ஒன்று கொண்டு வாருங்கள், மூடியோடு. போனமுறை ஒருவர் பொலித்தீன் பையில் வாங்கிப்போய், பை பஸ்ஸிலேயே வெடித்துவிட்டது.